‘எனக்கு அது வராது’

ஒரு திறமையைப் பற்றிப் பேசும்போது தமிழில் நாம் அது ‘வரும்’, ‘வராது’ என்றுதான் சொல்கிறோம். அவருக்கு நீச்சல் வரும். எனக்குக் கணக்கு வராது. தங்கைக்குப் பாட்டு நன்றாக வரும். இந்த ‘வராது’ என்ற சொல்லைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். இப்போது வருவதில்லை, இனிமேலும் வரப்போவதில்லை என்ற இரண்டு செய்திகள் அதற்குள் ஒன்றாக மடிந்து கிடக்கின்றன. ‘வரவில்லை’ என்றால் இன்னும் முயலலாம். ‘வராது’ என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. கணக்கைப் பற்றிச் சொல்வதுபோலத் தோன்றினாலும் அங்கே நாம் சொல்வது நம்மைப் பற்றி: நான் இப்படிப்பட்ட ஆள், என்னிடம் இதை எதிர்பார்க்காதீர்கள்.

வளர்ந்தவர்கள் எல்லோரிடமும் இப்படிச் சில ‘வராது’கள் இருக்கும். என்னுடையது ஓவியம். சிறுவயதில் யாரோ சொன்னது; சொன்னது யார் என்பதுகூட நினைவில்லை. ஆனால் அந்த வாக்கியத்தை என் உயரத்தைப் போல மாற்ற முடியாத ஓர் உண்மையாக முப்பது ஆண்டுகள் சுமந்திருக்கிறேன். நாற்பதைத் தாண்டிய பிறகு ஒரு மாலை வகுப்பில் சேர்ந்து, ஒரு நாற்காலியை வரைய உட்கார்ந்தேன். நாற்காலி என்றால் எப்படி இருக்கும் என்று மனதில் இருப்பதை வரையாமல், கண்ணுக்கு முன்னால் தெரிவதை மட்டும் வரையச் சொன்னார்கள். கால்களுக்கு நடுவே தெரியும் வெற்றிடத்தின் வடிவத்தை முதலில் வரையச் சொன்னார்கள். சில மாதங்களில் நாற்காலி நாற்காலியாக வந்தது. நான் இன்று ஓவியர் இல்லை. ஆனால் அந்த வாக்கியம் போய்விட்டது. அது போனதும், என்னைப் பற்றி நான் வைத்திருந்த வேறு சில வாக்கியங்களும் ஆட்டம் கண்டன. ஒன்று பொய் என்றால் மற்றவை மட்டும் எப்படி உண்மை?

வாழ்நாள் முழுவதும் கற்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் வேலை, வருமானம், மூளை ஆரோக்கியம் என்று பலன்களை அடுக்குவார்கள். அவை இருக்கட்டும். அதற்கெல்லாம் அடியில் நடக்கிற ஒன்றைப் பற்றித்தான் நான் பேச விரும்புகிறேன். வயது வந்தபின் ஒன்றைக் கற்கும்போது, ‘நான் யார்’ என்ற கேள்விக்கு நாம் வைத்திருக்கும் பதில் எப்படி அசைகிறது? அந்த அசைவுக்கு என்ன விலை கொடுக்கிறோம்?

உளவியலாளர் ஜேம்ஸ் மார்சியா 1966-ல் கல்லூரி இளைஞர்களிடம் நேர்காணல் நடத்தி, அடையாளத்தில் நான்கு நிலைகள் உண்டு என்று எழுதினார். சிலர் எதையும் தேடுவதில்லை, எதிலும் பிடிப்பும் இல்லை. சிலர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். சிலர் தேடி, ஒரு முடிவுக்கு வந்து நிற்கிறார்கள். நான்காவது வகையினர் தேடாமலே உறுதியாக நிற்பவர்கள். பெற்றோரோ சுற்றமோ கொடுத்ததை அப்படியே வாங்கி, அதுவே தான் என்று இருப்பவர்கள். வெளியிலிருந்து பார்த்தால் இவர்கள்தான் மிகத் தெளிவானவர்களாகத் தெரிவார்கள். நம்முடைய ‘வராது’களில் பெரும்பாலானவை இந்த நான்காவது வகையைச் சேர்ந்தவை என்பது என் எண்ணம். முயன்று பார்த்துத் தோற்றதால் வந்தவை மிகக் குறைவு. யாரோ மூடிய கதவுக்கு நாம் காவல் நிற்கிறோம்.

மார்சியாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் பின்னாளில், 1992-ல், இன்னொன்றையும் எழுதினார்கள். தேடி முடிவுக்கு வந்தவர்கள் அங்கேயே நின்றுவிடுவதில்லை. வேலை மாறும்போது, உறவு முறியும்போது, பிள்ளைகள் வளர்ந்து போகும்போது மறுபடியும் தேடலுக்குள் விழுகிறார்கள், மறுபடியும் ஒரு முடிவுக்கு வருகிறார்கள். இந்தச் சுழற்சி இளமையோடு முடிகிற விஷயம் இல்லை.

சரி, வளர்ந்த மனிதர் மாறத்தான் செய்கிறாரா? ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-ல் ஏறக்குறைய இதையே சொன்னார்: பெரும்பாலானவர்களுக்கு முப்பது வயதுக்குள் குணம் சாந்துபோல இறுகிவிடுகிறது, மறுபடி இளகுவதில்லை. ஆனால் ஒரே மனிதர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த 92 ஆய்வுகளை பிரென்ட் ராபர்ட்ஸ் குழுவினர் 2006-ல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது வேறு படம் கிடைத்தது. ஆளுமைப் பண்புகள் அதிகமாக நகர்வது இருபதுக்கும் நாற்பதுக்கும் நடுவே. அதன் பிறகும் சில பண்புகள் நகர்ந்துகொண்டுதான் இருக்கின்றன.

இதைவிட என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது 2013-ல் வெளிவந்த ஓர் ஆய்வு. ஜோர்டி குவாய்பாக், டேனியல் கில்பர்ட், திமோத்தி வில்சன் ஆகியோர் 19,000-க்கும் மேற்பட்டவர்களிடம் இரண்டு விதமான கேள்விகளைக் கேட்டார்கள். கடந்த பத்து ஆண்டுகளில் நீங்கள் எவ்வளவு மாறியிருக்கிறீர்கள்? அடுத்த பத்து ஆண்டுகளில் எவ்வளவு மாறுவீர்கள்? எந்த வயதினரைக் கேட்டாலும், இதுவரை நிறைய மாறிவிட்டேன், இனி அவ்வளவாக மாற மாட்டேன் என்ற போக்கிலேயே பதில் வந்தது. இளைஞரும் அப்படிச் சொன்னார், நடுவயதுக்காரரும் அப்படிச் சொன்னார். ஒவ்வொரு வயதிலும் நாம், இதோ வந்து சேர்ந்துவிட்டோம் என்று நினைக்கிறோம். ‘இனி நான் இப்படித்தான்’ என்பது அனுபவம் சொல்லித்தந்த முடிவுபோலத் தோன்றும். பெரும்பாலும் அது கணக்குப் பிழை.

அடையாளம் என்ற சொல்லை உளவியலில் நிலைநிறுத்திய எரிக் எரிக்சனின் வாழ்க்கையே இதற்கு நல்ல சான்று. 1902-ல் பிறந்த அவருக்குப் பெற்ற தந்தை யாரென்று தெரியாது. ஹோம்பர்கர் என்ற வளர்ப்புத் தந்தையின் பெயரோடு வளர்ந்தார். பள்ளி முடித்துவிட்டு, படம் வரைந்துகொண்டு ஐரோப்பாவில் அலைந்தார். 1927-ல், இருபத்தைந்தாவது வயதில், வியன்னாவில் ஒரு சிறிய பள்ளியில் பாடம் நடத்த அழைப்பு வந்தது. போன இடத்தில்தான் உளப்பகுப்பாய்வைக் கற்றார். படித்துப் பெற்ற பல்கலைக்கழகப் பட்டம் அவரிடம் கடைசிவரை இல்லை. 1939-ல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது தனக்குத் தானே ஒரு பெயர் வைத்துக்கொண்டார்: எரிக்சன், அதாவது எரிக்கின் மகன். மனித வாழ்வை எட்டுக் கட்டங்களாகப் பிரித்த அவருடைய கோட்பாடு அடையாளத் தேடலைப் பதின்பருவத்தில் வைக்கிறது. அவரோ அந்தப் பருவத்தைத் தாண்டி வெகுதூரம் வந்தபின் கற்ற ஒன்றால்தான் எரிக்சன் ஆனார்.

மூளையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘இந்த வயதில் எப்படி’ என்ற கேள்விக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் உடல் பற்றிய பயம். லண்டனில் டாக்சி ஓட்ட உரிமம் பெற, நகரின் நடுவில் உள்ள சேரிங் கிராஸைச் சுற்றி ஆறு மைல் வட்டத்துக்குள் இருக்கும் ஏறக்குறைய 25,000 தெருக்களை மனதில் ஏற்ற வேண்டும். அதற்கு மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். நரம்பியல் ஆய்வாளர் எலினார் மக்வயர் 2000-ல் இந்த ஓட்டுநர்களின் மூளையை ஸ்கேன் செய்து, இடங்களை நினைவில் வைக்க உதவும் ஹிப்போகாம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருப்பதைக் காட்டினார். அப்படிப்பட்ட மூளை உள்ளவர்கள்தான் அந்தத் தொழிலுக்கு வருகிறார்களோ என்று ஒரு சந்தேகம் எழலாம். அதைத் தீர்க்க அவரும் கேத்தரின் வுலெட்டும் 79 பயிற்சியாளர்களைத் தொடக்கத்திலிருந்தே பின்தொடர்ந்து, 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். தேர்ச்சி பெற்றவர்கள் 39 பேர். பின்பகுதி வளர்ந்தது அவர்களுக்கு மட்டும்தான். அந்தத் தேர்ச்சிக்கு ஒரு செலவும் இருந்தது: புதிய படங்களை நினைவுகூரும் சில சோதனைகளில் அவர்கள் மற்றவர்களைவிடப் பின்தங்கினார்கள்.

இந்த ஆய்வை அளவுக்கு மீறி இழுக்கக் கூடாது. ஹிப்போகாம்பஸ் நம் அடையாளம் இல்லை. ஆனால் வளர்ந்த உடல் கற்றலை ஏற்றுக்கொண்டு தன்னை மாற்றிக்கொள்கிறது, அந்த மாற்றம் இலவசமாக வருவதில்லை என்ற இரண்டு விஷயங்களும் இதில் தெளிவாக இருக்கின்றன.

மூளைக்கு வெளியே வருவோம். தெருக்களை மனப்பாடம் செய்தவர் எந்தக் கணத்தில் டாக்சி ஓட்டுநர் ஆகிறார்? இந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்து மிக நல்ல பதில் தையல் கடையிலிருந்து வந்தது. மானுடவியலாளர் ஜீன் லேவ் 1970-களில் லைபீரியாவில் தையல்காரர்களிடம் வேலை பழகுபவர்களைக் கவனித்தார். சட்டை தைக்கும் வரிசை நமக்குத் தெரியும்: முதலில் துணியை வெட்ட வேண்டும், அப்புறம் தைக்க வேண்டும், கடைசியில் பட்டன், இஸ்திரி. அங்கே கற்கும் வரிசை அப்படியே தலைகீழாக இருந்தது. புதிதாக வந்தவர் முதலில் இஸ்திரி போடுவார், பட்டன் வைப்பார், ஓரம் மடித்துக் கையால் தைப்பார். அப்புறம்தான் மிஷின் தையல். வெட்டுவது கடைசி.

ஏன் இப்படி? இஸ்திரி போடுகிறவர் கையில் இருப்பது முழுமையான ஆடை. அதன் ஒவ்வொரு மடிப்பும் எங்கே போய் எங்கே சேருகிறது என்று கைக்குத் தெரியவருகிறது. தவறினாலும் பெரிய நஷ்டம் இல்லை. துணியைத் தப்பாக வெட்டினால்தான் போயிற்று. இதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. முதல் நாளிலிருந்தே அவர் செய்வது உண்மையான வேலை. அவர் பட்டன் வைத்த சட்டையை யாரோ ஒருவர் போட்டுக்கொண்டு நடக்கப் போகிறார். ‘கற்று முடித்துவிட்டு அப்புறம் தையல்காரர் ஆவேன்’ என்ற நிலையே அங்கே இல்லை. ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் சின்னத் தையல்காரர், ஆண்டுகள் போகப் போக நடுவுக்கு நகர்கிறார், அவ்வளவுதான். லேவும் எட்டியென் வெங்கரும் 1991-ல் எழுதிய நூலில் இதிலிருந்து ஒரு கோட்பாட்டையே கட்டினார்கள்: கற்பது என்பது ஒரு கூட்டத்துக்குள் மெல்ல மெல்ல முழு உறுப்பினர் ஆவது, அறிவு சேர்வதும் ஆள் மாறுவதும் ஒரே நிகழ்வு.

வீட்டில் தனியாகக் காணொளி பார்த்து நிறையத் தெரிந்துகொண்ட பிறகும் ‘நான் இன்னார்’ என்று சொல்லத் தயங்குகிறோமே, அதன் காரணம் இங்கே இருக்கிறது என்று நம்புகிறேன். தகவல் வந்து சேர்ந்திருக்கிறது, இடம் கிடைக்கவில்லை. கிட்டார் வாசிக்கத் தெரிந்தவர் நாலு பேரோடு சேர்ந்து வாசித்து, அவர்களில் ஒருவர் ‘அந்த இடத்தில் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லும்போதுதான் அவருக்குள் ஏதோ ஒன்று நிலைபெறுகிறது.

அதே நூலில் இன்னொரு உதாரணமும் உண்டு: குடிப்பழக்கத்திலிருந்து மீள்பவர்களுக்கான ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ கூட்டங்கள். புதியவர் முதலில் ஓரமாக உட்கார்ந்து பழைய உறுப்பினர்கள் தங்கள் கதையைச் சொல்வதைக் கேட்கிறார். நாளாக ஆக, தன் வாழ்க்கையையும் அந்த வடிவில் சொல்லக் கற்றுக்கொள்கிறார். எது தொடக்கம், எங்கே அடிமட்டம், எங்கே திருப்பம் என்று பழைய நிகழ்வுகளே புது வரிசைக்கு வருகின்றன. அங்கே பாடமும் அவர்தான், மாணவரும் அவர்தான். மனிதர் தன்னைப் பற்றித் தனக்குள் சொல்லிக்கொள்ளும் கதைதான் அவருடைய அடையாளம் என்று உளவியலாளர் டான் மக்காடம்ஸ் 1980-களிலிருந்து எழுதிவருகிறார். அப்படியானால் வயது வந்தபின் கற்பது, அந்தக் கதையின் நடுப்பக்கங்களைத் திருத்தி எழுதுவது. புதிய அத்தியாயம் சேர்ப்பதோடு அது நிற்பதில்லை. முன்பே எழுதியவற்றின் பொருளும் மாறுகிறது.

அந்தத் திருத்தம் வலிக்கும் என்பதை, வயது வந்தோர் கல்வியை ஆராய்ந்த ஜாக் மெசிரோ கவனமாகப் பதிவு செய்தார். நடுவயதில் படிப்பைத் தொடரக் கல்லூரிக்குத் திரும்பிய பெண்களை அவர் ஆராய்ந்தார். 12 திட்டங்கள், 83 பெண்கள். அவருடைய மனைவியும் அப்படித் திரும்பிப் போய்ப் படித்தவர்தான். வீட்டிலேயே பார்த்த மாற்றம்தான் அவரை இந்த ஆய்வுக்குள் இழுத்தது. 1978-ல் அவர் எழுதியதன் சாரம் இது: அந்தப் பெண்களிடம் நடந்த பெரிய மாற்றம் பாடத்திட்டத்தில் இல்லை. ‘நல்ல மனைவி இப்படித்தான் இருப்பாள்’, ‘இதெல்லாம் எனக்கு எதற்கு’ என்று கேள்வியே இல்லாமல் இருந்த நம்பிக்கைகள் முதல் முறையாகக் கண்ணில் பட்டன. கண்ணாடி வழியாகவே உலகத்தைப் பார்த்துவந்தவர், கழற்றிக் கையில் வைத்து அந்தக் கண்ணாடியையே பார்ப்பது போன்றது அது. பெரும்பாலும் ஒரு குழப்பத்தில் தொடங்கும், குற்ற உணர்வும் கோபமும் வரும், தன்னைப் போல வேறு சிலரும் இருக்கிறார்கள் என்று தெரியும்போது கொஞ்சம் மூச்சு வரும், அப்புறம் புதிய பாத்திரங்களை முயன்று பார்ப்பது. இந்தப் படிகள் எல்லோருக்கும் இதே வரிசையில் நடப்பதில்லை. சிலர் பாதியில் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஏனென்றால் நம் அடையாளம் நம்மிடம் மட்டும் இல்லை. சுற்றியிருப்பவர்கள் ஆளுக்கொரு துண்டு வைத்திருக்கிறார்கள். நாம் மாறும்போது அவர்கள் கையில் இருக்கும் துண்டு பொருந்தாமல் போகிறது. ‘முன்பெல்லாம் இப்படிப் பேச மாட்டாயே’ என்ற ஒரு வாக்கியத்தில் எவ்வளவு கவலை இருக்கிறது! படித்து முன்னேறிய பலருக்கு, பழைய நண்பர்களோடு உட்கார்ந்தால் தானாகவே பழைய பேச்சுக்குப் போய்விடத் தோன்றும். அது நடிப்பு இல்லை. அந்தத் துண்டுகளைக் காப்பாற்றும் முயற்சி.

புதிய மொழி கற்பவர்களிடம் இதை மிக நெருக்கமாகப் பார்க்கலாம். தாய்மொழியில் வாதாடவும், ஆறுதல் சொல்லவும், ஓர் அறையையே சிரிக்க வைக்கவும் தெரிந்தவர், புதிய மொழியில் ‘தண்ணீர் வேண்டும்’ என்பதற்குத் திணறுகிறார். அவருடைய அறிவு எங்கும் போகவில்லை, ஆனால் வெளியே தெரிவதில்லை. மொழிக் கல்வி ஆய்வாளர் போனி நார்ட்டன், கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஐந்து பெண்களை 1990-களில் பின்தொடர்ந்து இதை எழுதினார். அவர்களில் ஒருவர் தன்னைவிட வயதில் மிகவும் சிறியவர்களோடு ஓர் உணவகத்தில் வேலை பார்த்தார். அவர்கள் வேலையை அவர் தலையில் கட்டிவிட்டுப் பேசாமல் நிற்பார்கள். மொழி சரியாக வராத குடியேறியாகவே அவரை நடத்தினார்கள். ஒரு கட்டத்தில், இவர்கள் என் பிள்ளைகள் வயதினர், நான் ஒரு தாய் என்று அவர் தன்னை வேறு இடத்தில் நிறுத்திப் பார்த்தார். அதன் பிறகு பேச்சு வந்தது. இலக்கணம் ஒரே நாளில் கூடிவிடவில்லை. பேசும் உரிமை தனக்கு உண்டு என்ற இடம் கிடைத்தது. கற்றல் அடையாளத்தை மாற்றுகிறது என்று தொடங்கினோம். அடையாளம் மாறினால்தான் கற்றல் நகரும் என்பதும் அதே அளவு உண்மை.

இதன் அரசியல் எடை எவ்வளவு என்று பார்க்க பிரேசிலுக்குப் போக வேண்டும். அந்த நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரே 1963-ல் ஆங்கிகோஸ் என்ற சிற்றூரில் ஏறக்குறைய 300 உழைப்பாளர்களுக்கு நாற்பது மணி நேரத்தில் எழுதப் படிக்கக் கற்பிக்கும் முயற்சியை நடத்தினார். எழுத்தைத் தொடும் முன்னால் அவருடைய கற்றல் குழுக்களில் சில படங்களைக் காட்டிப் பேசுவார்கள். மரம், பறவை, கிணறு, வீடு, மண்பாண்டம். இதில் எது இயற்கை, எது மனிதர் செய்தது? கிணற்றை யார் வெட்டினார்கள்? நாங்கள்தான். அப்படியானால் உலகத்தைச் செய்கிறவர்களில் நீங்களும் உண்டு. ‘எங்களுக்கு எதுவும் தெரியாது’ என்று வந்து உட்கார்ந்தவர்களிடம், எழுத்துக்கு முன்னால் அந்த வாக்கியத்தை எடுத்துப் போட்டார் அவர். அன்றைய பிரேசிலில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாக்குரிமை கிடையாது. 1985 வரை அந்த நிலை நீடித்தது. ஆக, எழுத்து கற்றவர் வாக்காளராகவும் ஆனார். 1964-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் திட்டம் நிறுத்தப்பட்டது. ஃப்ரெய்ரே சிறையில் அடைக்கப்பட்டு, பின்பு நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. வெறும் எழுத்தும் எண்ணும் என்றால் அதற்கு இவ்வளவு பயம் எதற்கு?

யுனெஸ்கோவுக்காக எட்கர் ஃபோர் தலைமையிலான குழு 1972-ல் அளித்த அறிக்கை, கல்வியின் நோக்கத்தை மனிதர் முழுமையாக இருக்கக் கற்பதில் வைத்தது. அந்தச் சொல்லாடல் இன்று பெரும்பாலும் ‘திறன் மேம்பாடு’ என்று சுருங்கிவிட்டது எனக்கு வருத்தம் தருகிறது. வேலைக்கு வேண்டியதைக் கற்பதில் தவறு எதுவும் இல்லை. அதுவும் ஒருவரைத் தூக்கி நிறுத்தும். ஆனால் ‘கற்காவிட்டால் காலாவதி ஆகிவிடுவாய்’ என்ற மிரட்டலின் கீழ் கற்பவருக்கு ஒவ்வொரு சான்றிதழும் தன் குறையை நினைவூட்டும் ரசீதாகவே கிடைக்கிறது. அதுவும் அடையாளத்தை வடிவமைக்கத்தான் செய்கிறது, எப்போதும் போதாதவர் என்ற அடையாளமாக. கற்பவர் தானே கேட்ட கேள்வி ஒன்றாவது அந்தப் படிப்பில் இருக்கிறதா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

தன் கேள்வியோடு கற்க வந்த ஒருவரை எனக்கு அடிக்கடி நினைவு வரும். கென்யாவில் தொடக்கக் கல்வி 2003-ல் இலவசமானது. அடுத்த ஆண்டு, 84 வயதான கிமானி மருகே முதல் வகுப்பில் சேர்ந்தார். பைபிளைத் தானே படித்துப் பார்க்க வேண்டும், பணத்தைத் தானே எண்ணத் தெரிய வேண்டும் என்பதே அவர் சொன்ன காரணம். சீருடை அணிந்து, சிறு பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்தார். 2005-ல் நியூயார்க்கில் ஐ.நா. கூட்டத்தில் இலவசக் கல்வியைப் பற்றிப் பேசினார். 2008-ன் தொடக்கத்தில், தேர்தலுக்குப் பிந்தைய கலவரம் அவரை முகாமுக்குத் துரத்தியது. அங்கிருந்தும் நடந்து பள்ளிக்குப் போனார். 2009-ல் இறந்தார். அவருக்கு முப்பது பேரப்பிள்ளைகள். அவர்களில் இரண்டு பேர் அதே பள்ளியில்தான் படித்துக்கொண்டிருந்தார்கள்.